கோழிகளின் ஜலபானமும் வளர்ச்சியும்

கோழி வளர்ப்பில் ஈடுபட்டுள்ள குடியானவர்கள் தீவனத்தின் விஷயத்தில் செலுத்தும் கவனத்தில் நாலில் ஒரு பங்கைக்கூட ஜலத்தின் விஷயத்தில் செலுத்துவதில்லை. தீவன மூட்டைகள் எண்ணிக் கணக்கு எழுதப்படுகின்றன. இறந்த கோழிகள் தினந்தோறும் குறிக்கப்படுகின்றன. வாரத்திற்கொரு முறை எடை பார்க்கப்படுகிறது. ஆனால் நேற்றைய தினம் கொட்டகையிலுள்ள கோழிகள் எத்தனை லிட்டர் ஜலம் குடித்தன என்று கேட்டால், அதற்கு விடை சொல்லக்கூடிய பண்ணைகள் மிகச் சிலவே. கோழியோ தான் தின்னும் தீவனத்தின் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜலத்தைக் குடிக்கிறது. ஆகவே, அதிகமாக உட்கொள்ளப்படும் பொருளுக்குக் கணக்கில்லாமல், குறைவாக உட்கொள்ளப்படும் பொருளுக்கு மட்டும் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நமது தேசத்தில் இவ்விஷயம் விசேஷ முக்கியத்துவம் உடையது. முட்டைக்கோழிகளுக்குப் பேர்போன நாமக்கல் ஜில்லாவும், கறிக்கோழிகளுக்குப் பேர்போன பல்லடம், கோயமுத்தூர்ப் பகுதிகளும் மழை குறைந்த சீமைகள். அங்கே பெரும்பாலான பண்ணைகள் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பியிருக்கின்றன. அந்த ஜலம் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் உள்ளது. மேலும், கறிக்கோழிகளை ஒப்பந்த முறையில் வளர்க்கும் குடியானவருக்குக் குஞ்சு, தீவனம், மருந்து ஆகிய மூன்றும் கம்பெனியிடமிருந்து வருகின்றன. கொட்டகையும் உழைப்பும் அவருடையவை; ஜலமும் அவருடைய கிணற்றிலிருந்தே வருகிறது. கூலியோ கோழிகளின் எடையையும், அவ்வெடைக்குச் செலவான தீவனத்தையும் பொறுத்தது. ஆகையால், தம் கைக்குள் முழுவதும் அடங்கிய இந்த ஒரு பொருளைச் சரிவர நடத்துவதே அவர் தமது வரும்படியைக் காத்துக்கொள்ளும் வழியாகும்.

கோழிகளின் ஜலபானத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய காரணங்கள் யாவை, அவற்றால் வளர்ச்சி எவ்விதம் பாதிக்கப்படுகிறது, குடியானவர் செய்யத்தக்கது யாது என்பவை இங்கு விவரிக்கப்படுகின்றன.

ஜலம் உடலில் செய்யும் வேலை

வளர்ந்த கோழியின் உடலில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை ஜலமே. இளங்குஞ்சின் உடலில் இது இன்னும் அதிகம். ஓட்டை நீக்கிய முட்டையில் நாலில் மூன்று பங்கு ஜலம். தின்ற தீவனம் தீனிப்பையில் ஊறுவதற்கும், அரைபட்டுச் செரிப்பதற்கும், அதன் சத்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்வதற்கும், கழிவு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதற்கும், உடலின் உஷ்ணம் தணிவதற்கும் ஜலம் இன்றியமையாதது. கோழி பல நாட்கள் தீவனமின்றி உயிர் பிழைத்திருக்கக்கூடும். ஆனால் உடலிலுள்ள ஜலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே கடுமையான கோளாறுகள் உண்டாகின்றன. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மரணம் நேரிடுகிறது.

ஜலம் குறைந்த கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும் என்பது குடியானவர்கள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை. உலர்ந்த தீவனத்தை ஊறவைக்க ஜலம் இல்லாதபோது அது மேற்கொண்டு தின்னாது. ஆகவே, ஜலக்குறைவால் வளர்ச்சி குன்றிய கோழிக்கு உயர்ந்த தீவனத்தைக் கொட்டிப் பயனில்லை. முட்டைக்கோழிகளுக்கு ஒரு நாள் முழுவதும் ஜலம் கிடைக்காமற்போனால் முட்டை குறைந்துவிடுவதோடு, அக்குறைவு பல நாட்கள் நீடிப்பதும் உண்டு.

எவ்வளவு ஜலம் தேவை

சுமார் 21 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள இதமான இடத்தில் கோழி ஒரு கிலோ தீவனத்திற்கு 1.6 முதல் 2 லிட்டர் வரை ஜலம் குடிக்கும். அமெரிக்காவின் தேசீய ஆராய்ச்சி மன்றம் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோழித் தீவன நூலில், கறிக்கோழி ஒன்று முதல் வாரத்தில் 225 மில்லிலிட்டரும், நாலாவது வாரத்தில் 1,000 மில்லிலிட்டரும், ஆறாவது வாரத்தில் 1,500 மில்லிலிட்டரும் குடிப்பதாக அட்டவணை கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்த அட்டவணையை இன்று அப்படியே எடுத்தாளுதல் உசிதமன்று. இக்காலத்துக் கறிக்கோழி இனங்கள் அக்காலத்து இனங்களைவிட விரைவாக வளர்கின்றன, அதற்கேற்ப அதிகம் தின்கின்றன, அதிகம் குடிக்கின்றன. நாலாவது வாரத்தில் தினம் 130 கிராம் தீவனம் தின்னும் கோழிக்கு, இதமான பருவத்திலேயே நாளொன்றுக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டியிருக்கும்.

ஆகையால் அச்சிட்ட அட்டவணையைக் காட்டிலும் சொந்தப் பண்ணையின் கணக்கே மேலானது. அட்டவணை எங்கோ ஓரிடத்தில், ஏதோ ஒரு காலத்தில், வேறொரு கோழி குடித்த அளவைச் சொல்கிறது. சொந்தக் கணக்கோ நமது கொட்டகையில், நமது கிணற்று ஜலத்தை, நமது கோழிகள் குடித்த அளவைச் சொல்கிறது.

உஷ்ணத்தின் விளைவு

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடலின் சாதாரண உஷ்ணம் சுமார் 41 டிகிரி. சுற்றுப்புறம் சூடேறும்போது அது இறக்கைகளை அகல விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது. அப்போது மூச்சுக்குழல்களிலுள்ள ஈரம் ஆவியாகிச் சூட்டை வெளியே கொண்டு செல்கிறது. ஒரு கிராம் ஜலம் ஆவியாகும்போது, 580 கிராம் ஜலத்தை ஒரு டிகிரி சூடேற்றப் போதுமான உஷ்ணம் உடலைவிட்டு நீங்குகிறது. இவ்விதம் செலவாகும் ஜலத்தைக் கோழி குடித்தே ஈடு செய்தாக வேண்டும்.

சுற்றுப்புற உஷ்ணம் 21 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஜலபானம் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு கூடுகிறது. 2,000 கோழிகள் தலைக்கு 120 கிராம் வீதம் நாளொன்றுக்கு 240 கிலோ தீவனம் தின்பதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1.8 லிட்டர் வீதம் 21 டிகிரியில் அவற்றிற்கு 432 லிட்டர் வேண்டும். பகல் உஷ்ணம் 33 டிகிரியானால், 12 டிகிரி ஏற்றத்திற்கு நூற்றுக்கு 84 பங்கு கூடி, ஏறக்குறைய 795 லிட்டராகிறது. வெப்பத்தில் தீவனம் குறைவதால் அசல் தேவை சற்று மாறலாம். எனினும், தை மாதத்திற்குப் போதுமாயிருந்த தொட்டி சித்திரையில் போதாது என்பது இதனால் விளங்கும்.

அதிகமாக மூச்சிரைப்பதனால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. இதனால் முட்டைக்கோழிகளின் முட்டையோடு மெலிகிறது. கறிக்கோழிகளின் வளர்ச்சி தளர்கிறது. மூச்சிரைக்கும் கோழிகளுக்குச் சோடியம், பொட்டாசியம் உப்புகள் அடங்கிய கலவையை வைத்தியர் குறிப்பிடும் அளவில் ஜலத்தில் கலந்து கொடுப்பது, இழந்த உப்புகளை ஈடு செய்வதோடு மேலும் குடிக்கவும் தூண்டுகிறது.

ஜலத்தின் உஷ்ணமும் கவனிக்கத்தக்கது. 10 முதல் 15 டிகிரி வரையுள்ள குளிர்ந்த ஜலத்தைக் கோழிகள் விரும்பிக் குடிக்கின்றன. 30 டிகிரிக்கு மேற்பட்டால் குடிப்பது குறைகிறது. 44 டிகிரியைத் தாண்டிய ஜலத்தை அவை மறுத்துவிடும். கிணற்றிலிருந்து வரும்போது குளிர்ந்திருக்கும் ஜலம், வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலும் தரைமேல் கிடக்கும் குழாயிலும் தங்கி, நடுப்பகலில் கோழி குடிக்க விரும்பாத அளவு சூடாகிவிடுகிறது. அதாவது, கோழிக்கு ஜலம் மிக அதிகமாக வேண்டிய நேரத்திலேயே அது குடிக்கத் தகாததாகிறது. இதற்குப் பரிகாரம் செலவில்லாதது. தொட்டியைக் கீற்றுப் பந்தலின் நிழலில் வைத்து, வெள்ளையடித்து, ஈரக் கோணிச் சாக்கால் சுற்றலாம். வெளியே செல்லும் குழாயை மண்ணில் ஓரடி ஆழத்திற்குப் புதைக்கலாம். பகல் 11 மணி முதல் 4 மணி வரை ஒரு மணி நேரத்திற்கொரு முறை குழாயின் கடைசி அடைப்பைத் திறந்து, சூடேறிய ஜலத்தை வெளியே விட்டுப் புது ஜலம் வரச் செய்யலாம்.

அக்கினி நட்சத்திர நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை தீவனத்தை நிறுத்தி, விடியற்காலையிலும் இரவின் குளிர்ந்த நேரத்திலும் கொடுத்தல் நலம். ஏனெனில் தீவனம் செரிக்கும்போதும் உடலில் உஷ்ணம் உண்டாகிறது. ஆனால் ஜலத்தை ஒரு நிமிஷமும் நிறுத்தலாகாது. கனத்த கோழிகள் சோர்ந்து படுத்திருக்குமாயின், அவற்றின் நடுவே ஓசையின்றி மெல்ல நடந்து எழுப்பிவிட்டால், கீழே தங்கிய சூடு வெளியேறும். எழுந்த கோழிகள் ஜலத்தை நாடிச் செல்லும்.

குஞ்சுப் பருவம்

பொரித்த குஞ்சின் வயிற்றில் எஞ்சியுள்ள மஞ்சட்கரு முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதைத் தாங்கும் என்பது உண்மையே. அதை நம்பி ஜலம் கொடுக்கத் தாமதிப்பது தவறு. பொரிப்பகத்திலும் வண்டியிலும் பல மணி நேரம் கழித்த குஞ்சு உடலின் ஈரத்தை இழந்தே வருகிறது. வறண்ட குஞ்சின் கால்கள் பளபளப்பு இழந்து, நரம்புகள் புடைத்துக் காணப்படும். ஆகையால் குஞ்சுகள் வந்திறங்குமுன்பே தண்ணீர்த் தட்டுகள் நிரம்பியிருக்க வேண்டும். நூறு குஞ்சுகளுக்கு இரண்டு தட்டுகளாவது வைத்து, எந்தக் குஞ்சும் ஒரு மீட்டருக்கு மேல் நடக்காமல் ஜலத்தை அடையும்படி அமைக்க வேண்டும். சில குஞ்சுகளின் அலகை ஜலத்தில் தோய்த்துவிட்டால் மற்றவை அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். விளக்கின் சூட்டில் தட்டிலுள்ள ஜலம் வெதுவெதுப்பாகி அழுக்கடைவதால், முதல் வாரத்தில் அதை நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை மாற்ற வேண்டும்.

குஞ்சுகள் ஜலம் குடித்தனவா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. 24 மணி நேரம் கழிந்தபின், கொட்டகையின் பல மூலைகளிலிருந்தும் நூறு குஞ்சுகளை எடுத்துக் கழுத்தடியிலுள்ள தீனிப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். நிரம்பியும் மிருதுவாயும் இருந்தால் தீனும் ஜலமும் சேர்ந்திருக்கின்றன. நிரம்பியும் கெட்டியாயிருந்தால் தீன் மட்டும் தின்றிருக்கிறது, ஜலம் போதவில்லை. உப்பியும் தளர்ந்தும் ஜலமாக இருந்தால் தீன் கிடைக்கவில்லை. நூற்றுக்கு 95 குஞ்சுகளிலாவது தீனிப்பை நிரம்பி மிருதுவாயிருத்தல் வேண்டும். ஏழாவது நாளில் குஞ்சின் எடை வந்த நாளின் எடையைப்போல் நாலு மடங்குக்குக் குறையாமலிருக்க வேண்டும். முதல் வாரத்தில் பின்தங்கிய குஞ்சு பிற்பாடு எளிதில் ஈடு கட்டுவதில்லை.

தீவனத்தின் சம்பந்தம்

தீவனத்தில் உப்பு கூடினால் ஜலபானம் கூடும். உப்புக் கருவாட்டுத் தூளை அளவறியாமல் கலப்பதனால், கோழிகள் மிதமிஞ்சிக் குடித்து, எச்சம் நீர்த்து, ஆழ்கூளம் சேறாகிவிடுவதைப் பல பண்ணைகளில் காணலாம். கிணற்று ஜலமே உப்பாயிருக்குமிடத்தில், அதிலுள்ள சோடியத்தையும் கணக்கிட்டுத் தீவன உப்பைக் குறைக்க வேண்டும். புரதம் தேவைக்கு மேற்பட்டாலும் ஜலம் கூடுதலாகச் செலவாகும். ஏனெனில் உபயோகமாகாத புரதத்தின் கழிவு யூரிக் அமிலமாகச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டும். புரதம் மிகுந்து ஜலம் குறையுமாயின் அவ்வமிலம் உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்து குஞ்சுகள் மடிவதுண்டு. குருணைத் தீவனம் தின்னும் கோழிகள் மாவுத் தீவனம் தின்பவற்றைவிட அதிகம் தின்பதால், அதிகம் குடிக்கவும் செய்கின்றன.

கூளம் நனைகிறதே என்று எண்ணிச் சிலர் ஜலத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இது நோயை விட்டுவிட்டு நோயாளியைத் தண்டிப்பது போலாகும். ஈரத்தின் காரணம் உப்பிலோ, ஒழுகும் நிப்பிளிலோ, குடற்கோளாறிலோ இருக்கும். காரணத்தைக் கண்டு நீக்க வேண்டுமேயன்றி ஜலத்தை மறுக்கலாகாது. அதே சமயத்தில் ஈரக் கூளத்தைப் புரட்டாமல் விட்டுவிடுவதும் கூடாது. அதிலிருந்து எழும் அம்மோனியா கண்ணையும் மூச்சையும் கெடுக்கும்; இரத்தக்கழிச்சல் நோயின் கிருமிகளும் அங்கேதான் பெருகும்.

ஜலத்தின் குணம்

ஜலத்தில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் அது நல்ல ஜலம். 1,000 முதல் 3,000 வரை இருந்தால் எச்சம் சற்று நீர்க்கலாம்; ஆயினும் உபயோகிக்கலாம். 3,000-க்கு மேற்பட்டால் கோழிகளுக்கு ஏற்றதன்று; வளர்ச்சி குன்றும். 5,000-க்கு மேற்பட்டதை விலக்கவே வேண்டும். மக்னீசியமும் சல்பேட்டும் சேர்ந்து மிகுந்த ஜலம் பேதியை உண்டாக்கும். இரும்பு மிகுந்த ஜலம் குழாய்க்குள் ஒரு வகைக் கிருமிகளை வளர்த்து, வழுவழுப்பான பாசி போன்ற படலத்தை உண்டாக்கி நிப்பிளை அடைக்கும். நைட்ரேட் மிகுந்திருப்பது பெரும்பாலும் எருக்குழியின் அல்லது சாக்கடையின் கசிவு கிணற்றில் கலப்பதற்கு அடையாளமாகும்.

வருஷத்திற்கு இரு முறை, கோடையின் முடிவிலும் மழைக்காலத்திற்குப் பின்னும், ஜலத்தைப் பரிசோதனைக்கு அனுப்புதல் சிலாக்கியம். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டபின், அதே ஜலத்தால் பலமுறை கழுவிய சுத்தமான ஒரு லிட்டர்ப் பாட்டிலில் உப்புப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுக்கூடத்தார் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்ப்பிக்க வேண்டும். கிணற்றடியில் ஒரு மாதிரியும், கொட்டகையின் கடைசி நிப்பிளில் ஒரு மாதிரியும் எடுத்தால், கெடுதல் கிணற்றில் உண்டாகிறதா, தொட்டியிலும் குழாயிலும் உண்டாகிறதா என்பது தெளிவாகும்.

கிருமிகளை ஒழிக்கக் குளோரின் போதுமானது. புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ளது. 1,000 லிட்டர் ஜலத்திற்கு 10 கிராம் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட்டால் லிட்டருக்குச் சுமார் 3 மில்லிகிராம் கிடைக்கும். அரை மணி நேரத்திற்குப் பின் கோழிகளுக்கு விடலாம். ஜலத்தில் அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். ஆகவே கடைசி நிப்பிளில் 3 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கிறதா என்று சோதனைத் தாளால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜலம் காரமாயிருந்தால் குளோரினின் வலிமை குறையும். அதற்காக அமில மருந்து சேர்ப்பவர்கள், அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பாத்திரத்தில் ஒருபோதும் கலக்கலாகாது. உயிருக்கு அபாயமான விஷவாயு கிளம்பும்.

குழாயும் நிப்பிளும்

தொட்டியில் ஜலம் இருப்பதும், கோழியின் வாய்க்கு ஜலம் கிடைப்பதும் ஒன்றல்ல. பத்துப் பன்னிரண்டு கோழிகளுக்கு ஒரு நிப்பிள் வேண்டும். கோழி கழுத்தை மேல் நோக்கி நீட்டி, பாதங்கள் தரையில் பதிய நின்று குடிக்கும்படி உயரம் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் ஜலம் சிந்திக் கூளம் நனையும். உயர்ந்திருந்தால் சிறிய கோழிகள் எட்டாமல் மெலியும். கோழிகள் வளர வளர உயரத்தை இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறை திருத்த வேண்டும். மணி போன்ற தொங்கு தட்டுகளானால் அவற்றின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும்.

நிப்பிளில் வரும் ஜலத்தின் வேகத்தை அளக்க ஒரு விதி உண்டு. கோழியின் வயதை வாரக்கணக்கில் எடுத்து, 7 ஆல் பெருக்கி, 20-ஐக் கூட்டினால், ஒரு நிமிஷத்தில் வர வேண்டிய மில்லிலிட்டர் அளவு கிடைக்கும். நாலு வாரக் கோழிக்கு 48 மில்லிலிட்டர். ஒரு சிறிய அளவுப் பாட்டிலை நிப்பிளின் கீழ் பிடித்து ஒரு நிமிஷம் அழுத்தினால் வேகம் தெரிந்துவிடும். முதல் நிப்பிளிலும் கடைசி நிப்பிளிலும் பார்க்க வேண்டும். கடைசியில் குறைந்திருந்தால் குழாயில் அடைப்பு உண்டென்று அறியலாம். ஒவ்வொரு தொகுதிக் கோழியும் வெளியேறியபின், ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்ந்த குழாய் சுத்தி மருந்தைக் குறிப்பிட்ட அளவில் நிரப்பி, ஒரு நாள் நிறுத்திவைத்து, பிறகு வேகமாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். வைட்டமின், வெல்லம் முதலியவற்றைக் குழாயில் விட்ட நாட்களின் மறுநாளும் கழுவுதல் அவசியம். அவை படலத்திற்கு உணவாகின்றன.

கோழி இருட்டில் குடிப்பதில்லை. விளக்கேற்றியவுடனும், அணைப்பதற்குச் சற்று முன்னும் மிக அதிகமாகக் குடிக்கும். அந்நேரங்களில் மின்சாரம் நின்று தொட்டி காலியாகாதபடி, கோடைக் கணக்கில் ஒரு நாளைக்கு வேண்டிய ஜலத்தைச் சேமிப்பில் வைத்திருக்க வேண்டும்.

தடுப்பு மருந்து கொடுக்கும்போது

வெள்ளைக்கழிச்சல் என்னும் நோய் 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும் கண்டறியப்பட்டது. பின்னர்க் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டமையால் நம் தேசத்தில் அவ்வூரின் பெயரையும் பெற்றது. இதற்குரிய உயிர்த் தடுப்பு மருந்தை ஜலத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. குளோரின் அம்மருந்தைக் கொன்றுவிடும். ஆகையால் முந்தின இரண்டு நாட்களும் பிந்தின ஒரு நாளும் குளோரின் இல்லாத ஜலமே கொடுக்க வேண்டும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரை முதலில் கலந்துகொள்வது மருந்தைக் காக்கும். அதிகாலையில் ஒரு மணி நேரம் ஜலத்தை நிறுத்தி, பின்பு இரண்டு மணி நேரத்திற்குள் குடித்து முடியும் அளவில் மருந்து ஜலம் விட வேண்டும். அந்த அளவு எவ்வளவு என்பதை ஊகித்தல் கூடாது. முந்தின நாள் அதே நேரத்தில் கோழிகள் குடித்ததை அளந்து வைத்திருந்தால் சரியாகத் தெரியும். ஜலம் மிகுந்தால் மருந்து வீணாகும். குறைந்தால் பல கோழிகளுக்குக் கிடையாது.

ஜலக் கணக்கு

இதுவரை கூறியவை யாவற்றையும் ஒன்று சேர்ப்பது ஜலக் கணக்கே. ஒவ்வொரு கொட்டகையின் குழாயிலும் ஒரு தண்ணீர் மீட்டர் பொருத்துவது உத்தமம். அது இயலாவிட்டால், தொட்டியின் உட்புறத்தில் லிட்டர்க் கோடுகள் வரைந்து, தினந்தோறும் ஒரே நேரத்தில் மட்டத்தைப் பார்த்து எழுதலாம். தேதி, கோழிகளின் எண்ணிக்கை, ஜலம், தீவனம், பகலின் உச்ச உஷ்ணம் என்னும் ஐந்து கட்டங்கள் போதும்.

உதாரணமாக, 2,000 கோழிகளுள்ள ஒரு கொட்டகையில் இருபத்திரண்டாம் நாள் 410 லிட்டரும், இருபத்துமூன்றாம் நாள் 425 லிட்டரும் செலவாகி, இருபத்துநாலாம் நாள் 370 லிட்டராகக் குறைந்ததென்று வைத்துக்கொள்வோம். வெயிலில் மாறுதல் இல்லை. தீவனம் இன்னும் குறையவில்லை. கோழி ஒன்றும் இறக்கவில்லை. கணக்கில்லாத குடியானவர் அன்று நிம்மதியாகத் தூங்குவார். கணக்குள்ளவரோ நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்ததைக் கண்டவுடன், முதலில் குழாயையும் நிப்பிளையும் பார்ப்பார். அடுத்து ஜலத்தின் சூட்டையும் மணத்தையும் பார்ப்பார். அதன்பின் எச்சத்தையும் கோழிகளின் மூச்சொலியையும் கவனிப்பார். ஒன்றும் விளங்காவிடில் கால்நடை வைத்தியரை அழைப்பார். நோய் புகும் கோழிகள் தீவனத்தைக் குறைப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னரே பெரும்பாலும் ஜலத்தைக் குறைத்துவிடுகின்றன. அந்த ஒன்றிரண்டு நாட்களே சிகிச்சைக்குக் கிடைக்கும் அருமையான அவகாசம்.

மாறாக, வெயில் ஏறாமலே ஜலம் திடீரென்று கூடினால், குழாய் ஒழுகுகிறதா, புதிதாக வந்த தீவனத்தில் உப்பு மிகுந்திருக்கிறதா, குடலிலோ சிறுநீரகத்திலோ கோளாறு உண்டா என்று ஆராய வேண்டும்.

இதன் லாபநஷ்டத்தையும் பார்ப்போம். ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் செலவாக வேண்டிய இடத்தில், ஜலக்கோளாறினால் 1.7 கிலோ செலவானதாகக் கொள்வோம். 2,000 கோழிகள் தலைக்கு 2 கிலோ எடையானால், வீணான தீவனம் 400 கிலோ. கோழி வளர்ப்பின் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்திற்கே போவதால், இந்நஷ்டம் ஒரு தொகுதியிலேயே மீட்டரின் விலையை மிஞ்சிவிடும்.

கிராம அதிகாரிகளுக்கு

கோழிப்பண்ணைகள் நெருங்கிய கிராமங்களில் இறந்த கோழிகளை ஓடைகளிலும், பாழுங்கிணறுகளிலும், புறம்போக்கு நிலங்களிலும் எறிவதனால் நிலத்தடி ஜலம் கெட்டு, ஒருவர் பண்ணையின் நோய் ஊராருக்கெல்லாம் பரவுகிறது. இறந்தவற்றைக் கிணறுகளுக்கு எட்டத்தில் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்கவோ, எரிக்கவோ செய்யும்படி கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் வற்புறுத்த வேண்டும். எருக்குவியல்கள் கிணற்று மேட்டின் சரிவில் அமையாதபடியும் பார்த்தல் அவசியம். ஒரு கிராமத்தின் பண்ணைக் கிணறுகளிலிருந்து ஒரே நாளில் மாதிரிகள் எடுத்து ஒன்றாக அனுப்ப அவர்கள் ஏற்பாடு செய்தால், தனித்தனியே சென்று அலைய முடியாத சிறு குடியானவர்களும் பயனடைவார்கள்.

முடிவாகக் கவனிக்க வேண்டியவை

1. குஞ்சுகள் வந்திறங்குமுன் ஜலம் தயாராயிருக்க வேண்டும். மறுநாள் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

2. தொட்டியும் குழாயும் வெயில் படாமலிருக்க வேண்டும். நடுப்பகலில் சூடான ஜலத்தை வெளியேற்ற வேண்டும்.

3. வருஷத்திற்கு இரு முறை ஜலத்தைப் பரிசோதிக்க வேண்டும்; கடைசி நிப்பிளில் குளோரினை அடிக்கடி பார்க்க வேண்டும்.

4. நிப்பிளின் உயரத்தையும் வேகத்தையும் கோழியின் வயதுக்கேற்பத் திருத்த வேண்டும்.

5. ஈரக் கூளத்தின் காரணத்தைத் தேட வேண்டும். அதற்காக ஜலத்தைக் குறைக்கலாகாது.

6. பிரதி தினமும் ஒரே நேரத்தில் ஜலக் கணக்கை எழுத வேண்டும். காரணமின்றி நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் அன்றே ஆராய வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றிற்குப் பணச் செலவு மிகச் சொற்பம். வேண்டியது தினந்தோறும் சில நிமிஷ நேரச் சிரத்தையே. கோடை வருமுன் ஒவ்வொரு குடியானவரும் தமது தொட்டியில் லிட்டர்க் கோடுகளை வரைந்து, ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் முதல் நாள் கணக்கைத் தொடங்குவாராக. வெயில் முற்றுமுன் கிடைக்கும் அந்தச் சில வாரக் கணக்கே, வெயிலில் நேரும் மாறுதலை அளந்தறியும் அளவுகோலாக அவருக்கு உதவும்.